சாம்பல் கரை

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்துப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார இதழ் கட்டுரை போட்டது. படம் நான் வரைந்தது. குழியின் இரும்பு மூடி திறந்து கிடக்கிறது; உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து விளிம்பைப் பற்றியிருக்கிறது. சுற்றி நிற்கிறவர்களுக்கு முழங்காலுக்கு மேலே உடம்பே கிடையாது. செருப்பு, கணுக்கால், வேட்டியின் கீழ்க்கரை, அவ்வளவுதான். மத்தியானம் ரஃப் அனுப்பினேன், உடனே ஓகே ஆனது. சாயங்காலம் 6 மணிக்கு வண்ணம் போட்டு அனுப்பினேன். 6.20க்கு உதவி ஆசிரியரிடமிருந்து போன்: “ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே. கரையை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க.”

நான் கறுப்பு, சிவப்பு போட்டிருந்தேன். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் இன்னொரு கட்சியாகிவிடும். நீலம் போட்டால், செத்தவர்களுக்காகத் தெருவில் இறங்கிப் போராடுகிறவர்களையே குழியைச் சுற்றி வேடிக்கை பார்க்க நிறுத்தியதாகிவிடும். பச்சை, விவசாயிகள் சங்கத் துண்டு. காவியைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. கடைசியில் சாம்பல் நிறக் கரையோடு படம் அச்சேறியது. தமிழ்நாட்டில் சாம்பல் கரை வேட்டி கட்டுகிற கட்சி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் குழியைச் சுற்றி நின்றவர்கள் எந்த ஊர்க்காரர்களாகவும் இல்லாமல் போனார்கள்.

கறுப்பு வெள்ளையில் அச்சான காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. இரண்டு கோடு இழுத்தால் கரை. படிக்கிறவர் தன் ஊர் வட்டச் செயலாளரை நினைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் வேறொருவரை நினைத்துக்கொள்வார். ஆஃப்செட் அச்சும் கலர் பக்கமும் வந்த பிறகுதான் வரைகிறவன் ஒரு நிறத்தைச் சொல்லியாக வேண்டியதாயிற்று. சொன்னதும் அதை அழித்துத் தரச் சொல்லும் போனும் வந்தது.

சமூக, அரசியல் கட்டுரைகளுக்கு வெளியிலிருந்து வரைந்து கொடுக்கும் ஓவியரின் தொழில் முழுக்க இந்த இடத்தில்தான் நடக்கிறது. அவர் பத்திரிகையின் ஊழியர் இல்லை. ஊழியரான கார்ட்டூனிஸ்ட்டுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் சொல்வது அவருடைய கருத்து என்று வாசகருக்குத் தெரியும். வெளியிலிருந்து வரைகிறவரின் படம் இன்னொருவர் எழுதிய கட்டுரையின் தலைமாட்டில் உட்காருகிறது. தலைப்பை வைப்பது ஒருவர், படத்தை வெட்டிச் சுருக்குவது லே-அவுட் செய்பவர், எந்தப் பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்வது மற்றொருவர். ஓரத்தில் இருக்கும் கையெழுத்து மட்டும் ஓவியருடையது. அந்தக் கையெழுத்துக்கு என்ன பொறுப்பு, என்ன உரிமை என்பதை நான் தேடத் தொடங்கியதற்கு அந்தச் சாம்பல் கரைதான் காரணம்.

இந்த வகைப் படத்துக்கு ஒரு பிறந்தநாள் குறிக்க வேண்டுமென்றால் பலரும் 1970 செப்டம்பர் 21ஐச் சொல்வார்கள். நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கப் பக்கத்துக்கு எதிரே, வெளியார் எழுதும் கருத்துக் கட்டுரைகளுக்கென்று ஒரு பக்கத்தை அன்றுதான் ஆரம்பித்தது. ‘ஆப்-எட்’ என்று இன்று உலகம் முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் சொல்லும் பக்கம் அதுதான். ஹாரிசன் சாலிஸ்பரி அதன் முதல் ஆசிரியர். சொந்தக் கார்ட்டூனிஸ்ட் வைத்துக்கொள்வதில் அந்த நாளிதழுக்கு நாட்டமில்லை. கேலிச்சித்திரம் தன் கௌரவத்துக்குக் குறைவு என்கிற மாதிரியான மனநிலை. ஆனால் எழுத்து மட்டுமே நிறைந்த பக்கம் கண்ணுக்கு வறண்டு கிடக்கும். எனவே கேலியாகவும் இல்லாமல் கட்டுரையில் சொன்னதையே திருப்பிக் காட்டுவதாகவும் இல்லாமல், கட்டுரைக்குப் பக்கத்தில் தனியாக நின்று யோசிக்கிற படம் தேவைப்பட்டது. கலை இயக்குநராக வந்த ஜே. சி. சுவாரெஸ் அப்படிப்பட்ட கைகளைத் தேடிப்பிடித்தார். ஃபிரான்ஸின் ரோலான் தோப்போர், இங்கிலாந்தின் ரால்ஃப் ஸ்டெட்மன், அமெரிக்காவின் பிராட் ஹாலண்ட் என்று வந்தவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள்தான்.

ஹாலண்ட் ஓவியப் பள்ளிக்குப் போனவரில்லை. 1943இல் ஒஹையோவில் பிறந்தவர். கட்டுரையில் இருப்பதையே படமாக்கித் தர மாட்டேன், என்ன வரைவது என்பதை நான்தான் யோசிப்பேன் என்பது அவருடைய பிடிவாதம். சம்பளக்காரர் இப்படிப் பேசினால் மறுவாரம் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். வெளியாளாக இருந்ததால்தான் அவரால் பேச முடிந்தது: வேண்டாமென்றால் இந்தப் படத்தை இன்னொரு பத்திரிகைக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போகிற சுதந்திரம். அவர் வரைந்த மனிதர்கள் தடித்த உடம்பும் மழுங்கிய முகமுமாக, கறுப்பு மையின் குறுக்குக் கோடுகளுக்குள் சிக்கிக்கொண்டவர்கள் போலிருப்பார்கள். எந்த அமைச்சர், எந்த அதிபர் என்று சொல்ல முடியாது. அதிகாரம் என்று மட்டும் சொல்லலாம். அவருக்குப் பின்னால் வந்த ஒரு தலைமுறையே இந்த நடையைக் கற்றுக்கொண்டது.

இதே பக்கத்துக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ருமேனியாவில் பிறந்த யூஜின் மிஹாயெஸ்கோ, போலந்திலிருந்து வந்த ஆந்த்ஷே துஜின்ஸ்கி போன்றவர்கள். தணிக்கை அதிகாரியின் மேசையைக் கடந்து போக வேண்டிய நாடுகளில் தொழில் கற்றவர்கள் இவர்கள். நாற்காலி, பறவைக்கூண்டு, முகமில்லாத கோட்டு, ஏறினால் எங்கும் போகாத ஏணி. அதிகாரி பார்த்தால் வெறும் நாற்காலி. வாசகர் பார்த்தால் அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிவான். நசுக்கப்பட்ட இடத்தில் முளைத்த தந்திரமான மொழி அது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுண்டு. அரசுத் தணிக்கை இல்லாத ஒரு நாட்டுக்கு அந்த மொழி ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? அந்தப் பக்கத்தின் கலை இயக்குநராகப் பல்லாண்டு இருந்த ஜெரல் கிராஸ் 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் அச்சேறிய படங்களோடு, ஆசிரியர்கள் தடுத்து நிறுத்திய படங்களையும் சேர்த்திருக்கிறார். புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தச் சேதி இருக்கிறது. தடுத்த காரணங்களில் அரசாங்கம் கிடையாது. யாருக்காவது மனம் புண்படும், யாரோ தப்பாகப் புரிந்துகொள்வார்கள், இதில் ஏதோ ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்ற ஆசிரியர்களின் பயம்தான். வார்சாவில் அதிகாரியை ஏமாற்றக் கண்டுபிடித்த உருவகம் நியூயார்க்கில் ஆசிரியரைச் சமாதானப்படுத்தப் பயன்பட்டது. இது என் வாசிப்பு. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஹாலண்டின் நல்ல படங்கள் இந்தக் குற்றச்சாட்டைத் தாண்டி நிற்பவை. அவரைப் பார்த்து வரைந்தவர்களின் நூறு படங்கள் நிற்காது. ஆள் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாற்காலியை வரைந்துவிட்டு நகர்வது அவர்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. என் சாம்பல் கரையும் அந்த வம்சம்தான்.

உருவகத்துக்குள் ஒளிந்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்பதும் உண்மையில்லை. 2014 செப்டம்பர் 24ஆம் தேதி மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. 450 கோடி ரூபாய்த் திட்டம், முதல் முயற்சியிலேயே வெற்றி. சில நாளில் நியூயார்க் டைம்ஸின் சர்வதேசப் பதிப்பில் அதைப் பற்றிய கட்டுரையோடு ஒரு படம் வந்தது. வரைந்தவர் சிங்கப்பூரின் ஹெங் கிம் சோங். ஓர் அறை; கதவில் மேட்டுக்குடி விண்வெளி மன்றம் என்கிற மாதிரி ஒரு பலகை. உள்ளே கோட்டு சூட்டில் இரண்டு கனவான்கள், ஒருவர் கையில் இந்தியாவின் செவ்வாய்ப் பயணத்தைச் சொல்லும் செய்தித்தாள். வெளியே தலைப்பாகை கட்டிய ஓர் உழவர், பக்கத்தில் மாட்டோடு நின்று கதவைத் தட்டுகிறார்.

இந்தப் படத்தை நிதானமாகப் பார்க்கலாம். கேலி யார் மேல்? உள்ளே இருப்பவர்கள் சொகுசாக, கொஞ்சம் பதற்றமாக இருக்கிறார்கள். அவர்களுடைய மன்றத்துக்குள் வர மாட்டார் என்று நினைத்த ஆள் வாசலுக்கே வந்துவிட்டார். அப்படிப் பார்த்தால் கேலி பணக்கார நாடுகளின் மேல். ஆனால் கோடு எதை இழுத்து வைத்திருக்கிறது? உள்ளே இருப்பவர்களுக்கு நாற்காலியும் கோட்டும். வெளியே நிற்பவருக்கு மாடு. ராக்கெட் செய்த நாட்டை அடையாளம் காட்ட ஓவியரின் கைக்கு எட்டிய பொருள் மாடுதான். ஒருவேளை அந்தக் கதவைத் தட்டுகிறவர் கையில் சிலைடு ரூல் இருந்திருந்தால்? புடவை கட்டி மல்லிகைப்பூ வைத்த பெண் விஞ்ஞானியாக இருந்திருந்தால்? அந்தச் செப்டம்பரில் பெங்களூரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியான புகைப்படத்தை உலகமே பார்த்தது. படத்தின் நோக்கம் நல்லதுதான். அதன் சொற்களஞ்சியம் பழையது. இந்தியாவிலிருந்து எதிர்ப்பு குவிந்தது. தலையங்கப் பக்க ஆசிரியர் ஆண்ட்ரூ ரோசன்தால், விண்வெளி இனி பணக்கார மேற்கு நாடுகளுக்கு மட்டும் உரியதில்லை என்பதைச் சொல்வதே ஓவியரின் நோக்கம் என்று விளக்கி, மன்னிப்பும் கேட்டார்.

அந்தப் படம் சிங்கப்பூரில் வரையப்பட்டு, நியூயார்க் பெயர் தாங்கிய பத்திரிகையில் வந்து, சேலத்தில் ஒருவரின் கைபேசியில் கட்டுரையில்லாமல் தனியாகப் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் மனத்தில் வைத்திருந்த வாசகர் ஒருவர், கடைசியில் பார்த்தவர் வேறொருவர். சம்பளத்துக்கு ஒரே ஊரில் ஒரே வாசகருக்கு முப்பது ஆண்டு வரைந்த பழைய கார்ட்டூனிஸ்ட்டுக்கு இந்த ஆபத்து குறைவு. அவர் போட்ட கோட்டை அந்த ஊர் அறியும். வெளியிலிருந்து வரைகிறவருக்கு ஊரே கிடையாது.

ஹெங்கின் கதை அங்கே முடியவில்லை. 2019 ஏப்ரலில் அதே சர்வதேசப் பதிப்பில் போர்த்துகல் ஓவியர் அந்தோனியோ அந்த்தூனெஸின் கார்ட்டூன் ஒன்று வந்தது. கண் தெரியாத டிரம்ப்பை வழிகாட்டி நாயாக நெதன்யாகு இழுத்துச் செல்வது போன்ற படம். யூத வெறுப்பு என்று பெரும் கண்டனம் எழுந்தது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. அந்தப் படம் இந்தப் பத்திரிகைக்காக வரையப்பட்டதே இல்லை. லிஸ்பனின் எஸ்பிரெஸோ பத்திரிகைக்கு வரைந்தது, விநியோக நிறுவனம் வழியாக விலைக்கு வந்தது, ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்துப் போட்டார். பிழை தேர்விலும் மேற்பார்வையிலும். ஆனால் ஜூன் மாதம் வந்த முடிவு வேறு: ஜூலை 1 முதல் அந்தப் பதிப்பில் அரசியல் கார்ட்டூனே இருக்காது. அதனால் இடம் இழந்தவர்கள் இரண்டு பேர். சுவிட்சர்லாந்தின் பாட்ரிக் ஷப்பாட், சிங்கப்பூரின் ஹெங் கிம் சோங். இருவருமே அந்தக் கார்ட்டூனை வரையாதவர்கள்.

அதே ஜூன் மாதம் கனடாவில் இன்னொன்று நடந்தது. மைக்கேல் டி அடர் என்ற கார்ட்டூனிஸ்ட் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஒரு பத்திரிகைக் குழுமத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் பல ஆண்டுகளாக வரைந்துவந்தார். அமெரிக்க-மெக்சிகோ எல்லை ஆற்றில் மூழ்கிச் செத்த தந்தை, மகள் உடல்களுக்குப் பக்கத்தில் கால்ஃப் மட்டையோடு நிற்கும் டிரம்ப்பை அவர் வரைந்து இணையத்தில் போட, அது உலகமெங்கும் பரவியது. ஓரிரு நாளில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, வேறொரு கார்ட்டூனிஸ்ட்டைத் திரும்பக் கொண்டுவர ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தோம் என்று நிறுவனம் மறுத்தது. நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. வேலைநீக்கம் என்றால் ஒரு காகிதம் வேண்டும், காரணம் வேண்டும். வெளியாளுக்கு அதெல்லாம் வேண்டாம்; அடுத்த வாரம் போன் வராது, அவ்வளவுதான். நம் ஊரிலும் இப்படித்தான். என்னை யாரும் ஒருபோதும் நிறுத்தியதில்லை. கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள்.

பொறுப்பு என்று வரும்போது தமிழ்நாட்டு வரலாறு இதைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் பாரதி கருத்துப்படங்களை வெளியிட்டார். அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். பாரதியின் கருத்துப்படங்கள் என்றுதான் நாமெல்லோரும் சொல்கிறோம். கோடு போட்ட கை யாருடையது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்காதது மறதியால் மட்டுமில்லை. யோசனை பத்திரிகையுடையது, எனவே பொறுப்பும் பத்திரிகையுடையது என்ற ஏற்பாடு அதில் அடங்கியிருக்கிறது.

அந்த ஏற்பாடு எண்பதாண்டு கழித்தும் நின்றது. 1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்யும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு படத்தோடு வந்தது. உரிமை மீறல் என்றது சட்டப்பேரவை. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, சிறைக்குப் போனார். கண்டனம் வலுத்து ஓரிரு நாளில் விடுதலையானார். பிறகு வழக்கு நடத்தினார்; 1994இல் உயர் நீதிமன்றம் கைது செல்லாது என்று சொல்லி 1000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. பெரிய தொகை ஒன்றுமில்லை. அவர் கேட்டதும் பணத்தை இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்டனை போய் விழுந்த முகவரி. 1867ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டம் ஒவ்வோர் இதழிலும் ஆசிரியர் பெயரை அச்சிட வைத்ததே இதற்காகத்தான்: உள்ளே வந்ததற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அடக்குமுறைக்காக வெள்ளைக்காரன் போட்ட ஏற்பாடு, நடைமுறையில் வரைகிறவனுக்குக் குடையாகவும் இருந்தது.

குடை இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பதை 2017இல் பார்த்தோம். கந்துவட்டிக் கொடுமைக்கு மனு மேல் மனு கொடுத்தும் தீர்வு கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளி, அக்டோபர் 23ஆம் தேதி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். வார இதழ் வேலையை விட்டுத் தனியாக வரைந்துகொண்டிருந்த கார்ட்டூனிஸ்ட் ஜி. பாலா தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் போட்டார். எரியும் குழந்தை, சுற்றிலும் உடையில்லாமல், பணக்கட்டுகளால் மறைத்தபடி நிற்கும் முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர். நாற்காலியில்லை, பறவைக்கூண்டில்லை, சாம்பல் கரையில்லை. யார் யார் என்று தெளிவாகத் தெரிந்தது. ஆட்சியர் புகார் கொடுத்தார். நவம்பர் 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நெல்லைக் காவல்துறை சென்னை வந்து அவரை வீட்டிலிருந்து அழைத்துப்போனது. அவதூறான ஒன்றை அச்சிடுவது தொடர்பான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 501ஆம் பிரிவும், ஆபாசத்தை மின்வழி பரப்புவது தொடர்பான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் போட்டார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது.

ஆபாசம் என்ற பிரிவை யோசித்துப் பாருங்கள். எரிகிற குழந்தை படத்தில் இருக்கிறது. ஆபாசமாகத் தெரிந்தது அதிகாரிகளின் வெற்றுடம்பு. அந்தக் கார்ட்டூனின் கோடு நயமானது என்று சொல்ல மாட்டேன், ஆத்திரத்தில் போட்ட கோடு அது. நான் வரைந்திருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பேன் என்று அப்போது ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “நீ வரைஞ்சியா?” நான் வரையவில்லை.

பாலாவுக்கு ஆசிரியர் இல்லை, எனவே கரையை மாற்றச் சொல்லவும் ஆளில்லை; புகார் வந்தால் முன்னால் போய் நிற்கவும் ஆளில்லை. மலேசியக் கார்ட்டூனிஸ்ட் ஜூனாரின் நிலையும் இதுவே. பத்திரிகைகள் போடாத படங்களைத் தானே புத்தகமாக்கியவர். 2010இல் புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. 2015இல் சில ட்வீட்டுகளுக்காக ஒன்பது தேசத்துரோகக் குற்றச்சாட்டுகள், கூட்டினால் 43 ஆண்டு சிறை. ஆட்சி மாறிய பிறகு 2018இல் அவை கைவிடப்பட்டன. இலங்கையில் பிரகீத் எக்னலிகொட, பத்திரிகையாளரும் கார்ட்டூனிஸ்ட்டுமாக இருந்தவர், 2010 ஜனவரி 24ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு காணாமலாக்கப்பட்டார். இன்னும் திரும்பவில்லை.

நிறுவனம் என்ற குடையும் முன்போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில், கைவிலங்கோடு பிரதமர், பக்கத்தில் டிரம்ப் என்று ஒரு கார்ட்டூன் விகடனின் மின்னிதழில் வந்ததைத் தொடர்ந்து மொத்த இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. 1987இல் ஓர் ஆசிரியரைச் சிறையில் வைத்தார்கள், பத்திரிகை கடையில் தொங்கியது. இப்போது யாரும் சிறைக்குப் போகவில்லை, பத்திரிகை காணாமல் போனது. அடுத்த முறை ஒரு படத்தை ஓகே செய்கிற உதவி ஆசிரியரின் தலைக்குள் இந்தக் கணக்கு ஓடாமலிருக்காது.

இனி உரிமை. ஓவியர்கள் கூடினால் பேசுவது பணம், பேசாதது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவை நான் முதலில் படித்தபோது தலைகீழாக அச்சிட்டுவிட்டார்களோ என்று தோன்றியது. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருக்கும் ஓவியர் வேலையின் பகுதியாக வரைந்ததைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும்தான் முதலாளிக்கு. புத்தகம், சுவரொட்டி, டீ-சர்ட் போன்ற மற்றெல்லா உரிமையும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, ஓவியருக்கே. வெளியாள் விஷயத்தில் அடுத்த உட்பிரிவு குறுக்கே வருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக எடுத்த புகைப்படம், தீட்டிய வண்ண ஓவியம், உருவப்படம், செதுக்கிய அச்சுப்படம் ஆகியவற்றின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துக் கேட்டவர்தான். மாதச் சம்பளம், பிஎஃப், தீபாவளி போனஸ் எல்லாம் வாங்குகிறவருக்குச் சட்டம் மிச்சம் வைக்கிறது. ஒற்றைப் படத்துக்கு ஒற்றைத் தொகை வாங்குகிறவரிடமிருந்து மொத்தமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது.

பார்க்கிறது என்று நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கலைப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் இதே சட்டம் வண்ண ஓவியத்தையும் கோட்டுச் சித்திரத்தையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. 17ஆம் பிரிவின் அந்த உட்பிரிவிலோ கோட்டுச் சித்திரம் என்ற சொல் இல்லை. நேராகப் படித்தால், இந்தியன் இங்க்கில் நான் போடும் கோட்டுப்படம் என்னுடையது; அதன்மேல் வாட்டர்கலர் ஊற்றினால் பத்திரிகையுடையது; அதில் ஓர் அமைச்சரின் முகம் அடையாளம் தெரிந்தால் உருவப்படம் என்று இன்னொரு வாதம். ஐபேடில் வரைந்தது எந்தக் கணக்கு என்று வக்கீல் நண்பரைக் கேட்டேன். அவர் டீ சொன்னார்.

கைமாற்றுவதற்கு 19ஆம் பிரிவு. எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் உரிமை மாறும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு. எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நம் வார, மாத இதழ்களில் ஓவியருக்கு எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டது பத்திரிகைக்கு வசதி என்று இரு தரப்பும் நினைத்துக்கொண்டிருக்கிறது. பல நேரம் சட்டம் நேரெதிராக நிற்கிறது. இதற்கெல்லாம் மேலே 57ஆம் பிரிவு. உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லவும், என் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதைத்ததற்காக, சிற்பி அமர்நாத் சேகலுக்கு 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது இந்தப் பிரிவின்படிதான். சிற்பத்தின் சொந்தக்காரர் அரசு. ஆனாலும் சிதைக்கக் கூடாது. கரையைச் சாம்பலாக்கியதை இதன் கீழ் கொண்டுபோக முடியாது. மாற்றியது நானேதான்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தொழில்முறைக் கட்டணம் என்ற பெயரில் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதி வரும், வரும்போது வரும். வெளிநாட்டில் பல பத்திரிகைகள் வரையச் சொல்லிவிட்டுப் போடாமல் விட்டால் அதற்கென்று ஒரு பகுதித் தொகை தரும். வேலை நடந்தது, வெளிவராதது ஓவியரின் குற்றமில்லை என்பது அதன் பொருள். இங்கே அந்த வழக்கத்தை நான் சந்தித்ததில்லை. போடாத படம் வரையாத படம். என்னிடம் அப்படி ஒரு கோப்புறையே இருக்கிறது, அச்சேறியதைவிடக் கனமானது.

இப்போது போன் குறைந்திருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நாற்காலி, ஏணி, தராசு, கயிற்றில் ஆடும் பொம்மை, இருட்டில் ஒற்றைப் புறா: எழுதிக் கேட்டால் இதையெல்லாம் இயந்திரம் பத்து நொடியில் தருகிறது, சாம்பல் நிறத்திலேயே தருகிறது. 2023 மே மாதம் அமெரிக்க ஓவியர் மோலி க்ராபாப்பிள் முன்னெடுத்த திறந்த மடல் ஒன்று, செய்தி நிறுவனங்கள் இந்த இயந்திரப் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் இயந்திரம் இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொண்ட மொழி எது என்பதை நாங்களும் யோசிக்க வேண்டும். யாருடையது என்று சொல்ல முடியாத படங்களை ஐம்பது வருடம் வரைந்து குவித்திருக்கிறோம். நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் யார் யார் நின்றார்கள் என்று அந்த இயந்திரத்திடம் கேட்டால் அது வரையத் தயங்கும். நானும் தயங்கினேன்.

அந்தச் சாக்கடைப் படத்துக்குப் பிறகு என் நடைமுறையில் ஒன்றை மட்டும் மாற்றினேன். இன்வாய்ஸின் அடியில், தொகைக்குக் கீழே, இப்படி ஒரு வரி சேர்க்கிறேன்: ‘ஒருமுறை அச்சில் வெளியிட மட்டும். மற்ற உரிமைகள் ஓவியருக்கே. மாற்றம் இருந்தால் ஓவியரின் ஒப்புதலோடு.’ ஆசிரியர் குழுவிலிருந்து இதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. படித்தார்களா என்பதும் தெரியாது. கணக்குப் பிரிவிலிருந்து ஒரே ஒருமுறை ஒரு பெண் போன் செய்தார். குரலில் உண்மையான குழப்பம்.

“சார், கீழே ஏதோ புதுசா எழுதியிருக்கீங்களே, இந்த வரிக்குத் தனியா வரி ஏதாச்சும் உண்டா?”